மிஷின்காரர் வீட்டு ஃபர்ஸ்டு

தையல் மிஷின் ஓடவில்லை என்று யாராவது வந்து நின்றால் எங்கள் அண்ணன் முதலில் மிஷினைப் பார்க்கமாட்டார். "கடைசியா தைச்ச துணி எங்க?" என்பார். வந்தவர் விழிப்பார். மிஷினைத் தோளில் சுமந்து நாலு தெரு தாண்டி வந்திருப்பார், துணியை எவன் கொண்டுவருவான்? "போய் எடுத்துட்டு வாங்க. நின்னுபோன மிஷின் ஒண்ணும் சொல்லாது. நிக்கிறதுக்கு முன்னாடி தைச்ச துணிதான் சொல்லும்" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு வேறு வேலையைப் பார்ப்பார். வந்தவர் முணுமுணுத்துக்கொண்டே போய் ஒரு கால்சட்டையையோ தலையணை உறையையோ எடுத்துவருவார். அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தையலை நகத்தால் ஒருமுறை நீவிப் பார்த்து, "பத்து நாளாவே அடி நூல் சுருளுது. நீங்க கவனிக்கல. அன்னைக்கே வந்திருந்தா ஒரு ஊசியோட போயிருக்கும்" என்பார். மிஷினைத் திறந்தால் அவர் சொன்னது சொன்னபடி இருக்கும்.

நாற்பது மிஷின் வைத்திருக்கிற கம்பெனிக்காரர்கள்கூட அவர் வாசலில் வந்து காத்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். திமிர் பிடித்தவர் என்று சிலர் சொல்வார்கள். திமிர்தான். வேலை தெரிந்தவருக்குக் கொஞ்சம் திமிர் இருந்தால்தான் அழகு.

அண்ணன் என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. அவர் வீட்டு முன்னறையில் மூன்றாவது மிஷினில் பதினோரு வருஷமாகத் தைக்கிறவள் நான். முதல் மிஷின் அவர் மனைவியுடையது. அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். இரண்டாவது மிஷினில் தைத்த பெண் கல்யாணமாகிப் போன பிறகு அதற்கு ஆள் வைக்கவில்லை. மிஷின் தலையைக் கீழே மடக்கிவிட்டுப் பலகையை மூடினால் அது ஒரு மேசை. அந்த மேசையில்தான் அவர்கள் பெண் வீட்டுப்பாடம் எழுதுவாள். எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. அதனால் ஊரில் எல்லார் பிள்ளைக்கும் புத்தி சொல்ல எனக்கு நேரம் இருந்தது.

பள்ளிச் சீருடை, ஓட்டல் தலையணை உறை, ஆஸ்பத்திரி மேல்கோட்டு என்று எங்களுக்கு வேலை ஓயாது. சீருடை வரும் மாதங்களில் அறை முழுக்க நீலத் துணி கிடக்கும், மூக்கைச் சிந்தினால் நீலமாக வரும். தெருவில் நூறு பிள்ளைகள் போனால் அறுபது பிள்ளைகளின் முதுகில் எங்கள் தையல் போகும். ஒன்று பிரிந்தது என்று யாரும் திரும்பி வந்ததில்லை.

அந்தப் பெண் நாலு வயதில் மிஷின் மேல் பொறித்திருந்த எழுத்தையெல்லாம் தடவித் தடவிப் படித்தாள். பள்ளிக்கூடம் சேர்த்த வருஷத்திலிருந்து வகுப்பில் முதல். ஒருமுறை இருமுறை இல்லை, தொடர்ந்து. மிஷினுக்கு வரும் ஆட்கள் அவளை ஃபர்ஸ்டு என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பெயரை வைத்தவர் பைக்காரர். தெருமுனையில் பள்ளிப்பை தைக்கிற மனிதர், கனமான மிஷின் வைத்திருப்பவர், வாரத்துக்கு ஒருமுறையாவது ஊசி உடைத்துக்கொண்டு வருவார். வந்ததும், "எங்க நம்ம ஃபர்ஸ்டு? இந்த வாட்டி எத்தனை?" என்பார். அவள் சொல்வாள். "நூத்துக்கு ரெண்டு குறையுதே, அதை யாருக்குக் கொடுத்த?" என்பார். எல்லாரும் சிரிப்போம். நானும்தான் சிரித்தேன்.

தொண்ணூற்றெட்டு வாங்கிய அன்று அண்ணன் கேக் வாங்கித் தெருவுக்கே கொடுத்தார். வந்தவர் போனவரிடமெல்லாம் மார்க் அட்டையைக் காட்டினார். வேலை மேசைக்கு மேலே, ஸ்பேனர்கள் மாட்டுகிற பலகையில் அதை ஆணியடித்து மாட்டினார்.

அதற்குப் பிறகுதான் பிள்ளை அமைதியாகிக்கொண்டே வந்தாள். ஒரே நாளில் இல்லை. முதலில் பள்ளிக்கூடத்துக் கதை சொல்வது நின்றது. பிறகு தெருப் பிள்ளைகளோடு விளையாடப் போவது நின்றது. பிறகு கேட்டால் மட்டும் பதில். பிறகு கேட்டாலும் தலையாட்டல்தான். நாங்கள் அதைப் பார்க்காமல் இல்லை, பார்த்துப் பெருமைப்பட்டோம். அதைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அண்ணனுக்கு இருபத்தைந்து வருஷமாகக் காதுதான் வேலை. கடகட என்று சத்தம் போடும் மிஷின் கெட்ட மிஷின். எண்ணெய் குடித்து, சத்தமே இல்லாமல் ஓடும் மிஷின் நல்ல மிஷின். அதே காதோடுதான் பிள்ளையையும் கேட்டார். "என் பொண்ணு இருக்கிற இடம் தெரியாது. அடுத்த வீட்டுல பாருங்க, கத்திக்கிட்டே கிடக்குதுங்க. இவ உக்காந்தா எழுந்திருக்கமாட்டா" என்று வருகிறவர்களிடம் சொல்வார். மிஷின்காரர் வீட்டில் மட்டுமே நடக்கக்கூடிய தப்பு அது. நானும் ஒத்து ஊதினேன். அவள் வாரத்துக்கு ஒரு அழிரப்பர் கேட்பாள், நான்தான் கடையில் வாங்கித் தருவேன். எவ்வளவு எழுதினால் வாரத்துக்கு ஒரு ரப்பர் தேயும், என்ன பொறுப்பான பிள்ளை என்று கடைக்காரரிடம் பீற்றிக்கொள்வேன்.

அடுத்த வருஷம் வயிற்றுவலி வந்தது. காலையில் சீருடை போட்டதும் வரும், பள்ளிக்கூடம் விடுமுறை என்றால் வராது. பூச்சி மருந்து கொடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். வயிறு சுத்தமாக இருக்கிறது என்றார்கள். வயிறு சுத்தமாகத்தான் இருந்தது.

பிறகு மார்க் இறங்கியது. தொண்ணூற்றொன்று, அறுபத்துநாலு, முப்பத்தெட்டு. பதினேழு வந்த மாதம் அண்ணன் ஸ்பேனர் பலகையிலிருந்து பழைய அட்டையைக் கழற்றினார். பைக்காரர் வந்து வழக்கம்போல, "எங்க நம்ம ஃபர்ஸ்டு?" என்று ஆரம்பித்து, அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு, "இந்த வாட்டி ஊசி எத்தனை நம்பர் போடலாம்?" என்று பேச்சை மாற்றினார்.

அண்ணன் ஒரு ட்யூஷன் வாத்தியாரைக் கொண்டுவந்தார். அந்த ஆள் மாலையில் வந்து இரண்டாவது மிஷின் மேசையில் உட்கார்ந்து, கேள்வி கேட்டு, பதில் வராவிட்டால் பேனாவால் பலகையைத் தட்டுவார். அந்தத் தட்டல் என் மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். மூன்றாவது வாரம் அவர், "இது ஏறாது சார். போன வருஷம் எப்படி வாங்குச்சுன்னுதான் எனக்குச் சந்தேகம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அண்ணன் பிள்ளையை முன்னால் நிறுத்தி, "உன்னால தெருவுல என்னால தலை நிமிர முடியல" என்றார். அடுத்த நாளிலிருந்து அவள் இரண்டாவது மிஷின் மேசைப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாள். வெட்டு மேசைக்கும் சுவருக்கும் நடுவே துணிப் பொதிகள் அடுக்கியிருப்போம், அதன் மறைவில் போய் உட்கார்ந்துகொள்வாள். தட்டில் வைத்த ரொட்டியில் பாதி அப்படியே திரும்பி வரும்.

பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது ஒரு மழைநாளில். தோல் பெல்ட்டெல்லாம் ஈரத்தில் தொய்ந்துபோய் மிஷின்கள் நழுவிக்கொண்டிருந்தன. அண்ணன் பெல்ட்டைக் கழற்றி ஒரு அங்குலம் வெட்டிக் கம்பி கோத்துக்கொண்டிருந்தார். அண்ணி கடிதத்தைப் படித்தார். வருஷக் கடைசித் தேர்வில் ஐந்து பாடத்தில் மூன்றிலாவது தேறாவிட்டால் பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்துவார்கள். அப்படி நிறுத்தினால் அடுத்த வருஷம் மெதுவாகப் படிக்கிறவர்களுக்கான தனி வகுப்பில் போடுவார்கள். தேர்வுக்கு இரண்டரை மாதம் இருந்தது.

"நிறுத்தட்டும்," என்றார் அண்ணன், பெல்ட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "படிக்க மாட்டேன்னு உக்காந்திருக்கிறவளை யாரு என்ன பண்றது?"

"அவ மாட்டேன்னு சொன்னாளா?" என்றார் அண்ணி.

"வாயைத் திறந்தாத்தானே சொல்றதுக்கு."

"அப்ப மாட்டேன்னு நீங்களா முடிவு பண்ணிட்டீங்க."

"மார்க்கு சொல்லுதே, பதினேழுன்னு."

அண்ணி மிஷினை நிறுத்தினார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. சட்டைக் கைக்கு மடிப்பு வைக்கிற மாதிரி அளந்துதான் பேசுவார். அன்றைக்கு எழுந்து உள்ளே போனார். அலமாரியைத் திறக்கிற சத்தம் கேட்டது. இரண்டு கையிலும் அடங்காத நோட்டுப் புத்தகங்களோடு வந்து வெட்டு மேசையில் தொப்பென்று போட்டார். இரண்டு வருஷத்து நோட்டுகள். அண்ணி பழைய பட்டனைக்கூடத் தூக்கிப் போடாதவர்.

"ஊரான் வீட்டு மிஷினுக்கெல்லாம் துணி கேக்குறீங்கல்ல? நின்னுபோனது ஒண்ணும் சொல்லாதுன்னு வர்றவங்க கிட்டல்லாம் வியாக்கியானம் பண்றீங்கல்ல? இந்தாங்க. பெத்த பிள்ளை எழுதினது. ஒரு நாளாவது எடுத்துப் பாத்திருக்கீங்களா?"

அண்ணன் கையிலிருந்த பெல்ட்டைக் கீழே வைத்தார். எனக்கும் கால் மிதிக்க மறுத்தது. நானும் எழுந்து வந்தேன்.

பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போடச் சொல்லியிருந்தார்கள். அண்ணன் நோட்டுகளைத் தேதிப்படி வரிசையாக அடுக்கினார். வேலை என்று வந்துவிட்டால் அவர் கை தானாக ஒழுங்குக்கு வந்துவிடும். ஒரு நோட்டை எடுத்து ஜன்னல் பக்கம் போனார். வெளியே மழை, வெளிச்சம் கம்மி. விளக்கைப் போட்டேன். முதல் நோட்டைப் புரட்டினார், இரண்டாவதைப் புரட்டினார். ஐந்தாவதில் நின்றார். முதல் நோட்டை மறுபடியும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இங்க வாங்க ரெண்டு பேரும்," என்றார். "இது நாலாவது படிக்க ஆரம்பிச்சப்ப. எழுத்து சட்டைப் பட்டன் அளவு இருக்கு. இது அதே வருஷம் ஏழாவது மாசம். ஜாக்கெட் கொக்கி அளவு. பக்கத்துல பாதி காலி."

"சின்னதா எழுதிப் பழகியிருப்பா," என்றேன் நான்.

"இரு, இதைத் தடவிப் பாரு."

தடவினேன். தாள் அந்த இடத்தில் பஞ்சு மாதிரி இருந்தது. அழித்து, எழுதி, அழித்து, எழுதி, ஒரே வார்த்தையை நாலைந்து முறை. அடுத்த பக்கத்தில் தாள் ஓட்டையாகவே போயிருந்தது. ஓட்டைக்குக் கீழே அதே வார்த்தை மறுபடியும். இத்தனைக்கும் முதலில் எழுதியதும் சரிதான், அழித்த தடம் தெரிந்தது. வாரத்துக்கு ஒரு அழிரப்பர் எங்கே போனது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"அடியில என்ன போட்டிருக்கு?" என்றார் அண்ணி.

அண்ணன் படித்தார். "மிக நன்று. சிவப்பு மையில. ரெண்டு கோடு போட்டு."

"அந்த மாசம் மார்க்கு?"

"தொண்ணூத்தெட்டு."

அண்ணன் நோட்டை மூடி மேசையில் வைத்தார்.

"அப்பவே இருந்திருக்கு," என்றார் அண்ணன். "மார்க்கு குறைஞ்சதுனால பிள்ளை சுருண்டு போகல. பிள்ளை சுருண்டுக்கிட்டே இருந்திருக்கா, மார்க்கு கடைசியாத்தான் விழுந்திருக்கு. எல்லாம் நல்லா ஓடுதுன்னு நினைச்சுட்டு இருந்தப்பவே. அந்த நேரம் நாம என்ன பண்ணிட்டு இருந்தோம்?"

"கேக் கொடுத்துட்டு இருந்தோம்," என்றார் அண்ணி.

அண்ணன் அழுததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கிரீஸ் கையால் கண்ணைத் துடைத்து, முகமெல்லாம் கறுப்பாகி, பார்க்கச் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது. சிரிப்பு வரவில்லை. பிறகு அவர் வெட்டு மேசையைச் சுற்றிக்கொண்டு போய், துணிப் பொதிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தார். அவள் அங்கேதான் இருந்தாள். நாங்கள் பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும். எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது.

"அப்பா அப்படிச் சொன்னது தப்பும்மா," என்றார். "தெருவுல தலை நிமிர முடியலன்னு சொன்னேன்ல. அது தப்பு. நான் பாக்க வேண்டியதைப் பாக்கல."

சரிந்திருந்த ஒரு பொதியை எடுத்துச் சுவரோரம் வைத்தார்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் இங்க உக்காந்துக்கட்டுமா?"

மழை ஓய்ந்து, தெருவில் சைக்கிள் மணி கேட்க ஆரம்பித்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. இரண்டு பேர் மிஷினோடு வந்து காத்திருந்தார்கள். அண்ணி அவர்களைக் கையசைத்து நாளைக்கு வரச் சொன்னார். வெகுநேரம் கழித்து உள்ளிருந்து சின்னக் குரல் வந்தது.

"பேப்பர் கொடுக்கறப்ப ஒவ்வொருத்தரா முன்னாடி போய் மார்க்கைச் சத்தமாப் படிக்கணும்."

"ம்."

"நான் படிச்சா எல்லாரும் கை தட்டுவாங்க."

"தட்டினா நல்லதுதானே?"

"அடுத்த வாட்டி தட்டலன்னா?"

அண்ணன் இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அதையே நினைச்சா வயிறு வலிக்கும். எழுதறப்ப இது தப்போன்னு தோணும். அழிப்பேன். நேரம் போயிடும். அப்புறம் பென்சிலை எடுத்தாலே கை அப்படியே நின்னுடும். தெரியும்ப்பா, தெரிஞ்சதுகூட வராது." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "இப்ப வயிறு வலிக்கறதும் இல்ல. ஒண்ணுமே பிடிக்கல. தூங்கிட்டே இருக்கலாம்னு இருக்கு."

பத்து வயதுப் பிள்ளை சொன்ன வார்த்தை அது. அண்ணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் போனோம். அண்ணன், அண்ணி, கூட நான். பேச்சுக்கு ஆள் வேண்டும் என்று அண்ணி என்னையும் இழுத்துக்கொண்டார். நோட்டுகளை ஒரு தலையணை உறைக்குள் போட்டு அண்ணன் தோளில் தொங்கவிட்டிருந்தார். பெரிய டீச்சர் அறையில் வகுப்பு டீச்சரும் இருந்தார். சின்ன வயது, கண்ணுக்குக் கீழே கருவளையம், நாற்பத்தெட்டுப் பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிற ஒருத்தி. அவரைத் திட்ட வேண்டும் என்று நான் வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு போயிருந்தேன். பார்த்ததும் பாதி வார்த்தை காணாமல் போனது.

பெரிய டீச்சர்தான் ஆரம்பித்தார். "பாருங்க, நாங்க பிள்ளையைக் குறை சொல்லல. சில பிள்ளைங்களுக்குக் குறிப்பிட்ட ஒரு வயசு வரைக்கும் படிப்பு வரும், அப்புறம் வராது. அந்தத் தனி வகுப்புல அவளுக்கு ஈஸியா இருக்கும்."

"உங்க கிட்ட மிஷின் இருக்கா?" என்றார் அண்ணன்.

"என்னது?"

"தையல் மிஷின். வீட்டுல."

"இருக்கு. எதுக்கு?"

"அது நின்னுபோச்சுன்னு என்கிட்ட கொண்டு வந்தீங்கன்னா, இது பழசாயிடுச்சு, ஓரமா வைங்கன்னு நான் சொல்லமாட்டேன். எப்ப இருந்து, எதுனாலன்னு பாப்பேன். நீங்க நின்ன இடத்தை மட்டும் பாக்குறீங்க. நானும் அதைத்தான் பாத்தேன், என்னையும் சேத்துத்தான் சொல்றேன்." தலையணை உறையிலிருந்து நோட்டுகளை எடுத்துத் தேதிப்படி மேசையில் அடுக்கினார். "கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க."

பெரிய டீச்சரை நாற்காலியிலிருந்து எழுப்பி ஜன்னலோரம் நிறுத்தின முதல் ஆள் எங்கள் அண்ணனாகத்தான் இருக்கும். பட்டன் அளவு எழுத்தையும் கொக்கி அளவு எழுத்தையும் காட்டினார். ஓட்டை விழுந்த பக்கத்தைத் தூக்கிப் பிடித்தார். ஓட்டை வழியாக வெளிச்சம் வந்தது. எனக்கு அந்த நிமிஷம் அவரைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. குரல் உயரவில்லை. கையில் ஸ்பேனர் இல்லை என்பது ஒன்றுதான் குறை.

வகுப்பு டீச்சர் அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்தார். அடியில் இருந்த சிவப்பு எழுத்தில் கண் நின்றது.

"இது நான் எழுதினது," என்றார். "அப்பவும் நான்தான் இவளுக்கு டீச்சர். ஓட்டையைப் பாத்த ஞாபகமே இல்ல. பதில் சரியா இருந்துச்சு, அதனால பாக்கல."

"நாங்க ஒரே வீட்டுல இருந்துகிட்டே பாக்கலம்மா," என்றார் அண்ணி. "நீங்க நாப்பத்தெட்டுல ஒண்ணைப் பாக்கணும்."

"பிள்ளைங்களுக்கு ஊக்கமா இருக்கும்னுதான் சத்தமாப் படிக்கச் சொல்றோம்," என்றார் பெரிய டீச்சர்.

"முதல் ஆளுக்கே வயிறு வலிக்குதுன்னா கடைசி ஆளுக்கு எப்படி இருக்கும்?" என்றேன் நான். அதற்குத்தானே என்னைக் கூட்டிப்போனார்கள்.

பெரிய டீச்சர் சட்டம் பேசினார். தேர்வை மாற்ற முடியாது, தேறவேண்டிய மார்க்கைக் குறைக்க முடியாது. அதை நாங்கள் கேட்கவும் இல்லை. தனி அறையில் எழுத விடுவது, அழிரப்பர் இல்லாமல் எழுத விடுவது, மார்க்கை யாரும் உரக்கப் படிக்காமல் தாளை மடித்துக் கையில் கொடுப்பது, இவ்வளவுதான் கேட்டோம். கடைசி விஷயத்தை வகுப்பு டீச்சர் தானாகவே எல்லாப் பிள்ளைக்கும் செய்கிறேன் என்றார். பெரிய டீச்சர் அவரை ஒரு மாதிரி பார்த்தார், மறுக்கவில்லை.

பிள்ளைகள் மனசைப் பார்க்கிற டாக்டரம்மா ஒருத்தர் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தார். வாரம் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனார்கள். முதல் நாள் அண்ணன் அங்கேயும் நோட்டுகளைத் தேதிப்படி அடுக்கியிருக்கிறார். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "பாதி வேலையை நீங்களே முடிச்சுட்டு வந்திருக்கீங்க" என்றாராம். அண்ணன் இதை எங்களுக்கு ஒன்பது முறை சொன்னார். சொல்லும்போதெல்லாம் பாதி முக்கால் ஆனது. ஆனால் அந்த அம்மா இன்னொன்றையும் சொல்லியிருக்கிறார். "பயம் முத்தினா பிள்ளைங்க இப்படித்தான் ஒதுங்கிடுவாங்க. உள்ள போறதுக்கு ஒரு வருஷம் எடுத்துக்கிட்டா. வெளிய வர்றதுக்கும் நேரம் கொடுங்க. மார்க்கைக் கேக்காதீங்க." இதை அண்ணன் ஒரே ஒரு முறைதான் சொன்னார், மெதுவாக.

ஃபர்ஸ்டு என்ற பெயர் அந்த வாரமே தெருவில் நின்றது. யாராவது வாய் தவறிச் சொன்னால் அவர் மிஷின் ஒரு நாள் தாமதமாகும் என்று அண்ணன் அறிவித்துவிட்டார். பைக்காரருக்கு ஒருமுறை அப்படித் தாமதமானது.

இரண்டரை மாதமும் நேர்கோட்டில் போகவில்லை. சில நாள் பாதி ரொட்டி, சில நாள் முழு ரொட்டி. ஒரு வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம் போகவில்லை. எல்லாம் வீண் என்று அண்ணி மிஷினில் தலை வைத்து அழுதார். அடுத்த வாரம் பிள்ளை துணிப் பொதிகளுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து இரண்டாவது மிஷின் மேசையில் உட்கார்ந்தாள். அண்ணி சிரித்துக்கொண்டே ஊசியை விரலில் குத்திக்கொண்டார். தப்பாக எழுதினால் அழிக்காமல் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போகவேண்டும் என்பது டாக்டரம்மா சொன்ன பயிற்சி. முதல் கோட்டைப் போட அவளுக்குப் பத்து நிமிஷம் ஆனது. பென்சிலைப் பிடித்த விரல் வெளுத்துப்போயிருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சட்டைக்குக் கழுத்துப்பட்டியைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன். பதினோரு வருஷத்தில் நான் பிரித்துத் தைத்தது அது ஒன்றுதான்.

தேர்வு வந்தது. முதல் நாள் மொழிப்பாடம். வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள். அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார். கேட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போய் ரொம்ப நேரம் கை கழுவினார். இரண்டாவது தேர்வில் ஒன்றரைப் பக்கம் எழுதினாள். மூன்றாவதில் மூன்று பக்கம். ஐந்தில் மூன்று தேறவேண்டும். முடிவு ஒவ்வொன்றாக வந்தது. இரண்டில் தேறவில்லை, இரண்டில் தட்டுத்தடுமாறித் தேறினாள். மிச்சம் கணக்கு ஒன்றுதான். அதில் விழுந்தால் தனி வகுப்பு. நாங்கள் மூன்று பேரும் அந்த வாரம் தைத்ததையும் முடுக்கியதையும் யாரும் பெருமையாகக் காட்ட முடியாது.

தாள் மடித்துக் கைக்கு வந்தது ஒரு வியாழக்கிழமை. அண்ணி பிரித்தார். நாற்பத்தொன்று. தேற முப்பத்தைந்து போதும். அண்ணி தாளை என்னிடம் கொடுத்தார், நான் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் மார்க்கைப் பார்க்கவில்லை. வழக்கம்போல ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பக்கத்தைப் புரட்டினார். எழுத்து பட்டன் அளவுக்கு வரவில்லை, ஆனால் கொக்கியைவிடப் பெரிது. அங்கங்கே கோடு போட்டு அடித்திருந்தது. ஓட்டை ஒன்றுகூட இல்லை.

மறுநாள் சாயங்காலம் பைக்காரர் ஊசி உடைத்துக்கொண்டு வந்தார். வந்தவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு மிஷினை வைத்துவிட்டு நின்றார். அண்ணன்தான் ஆரம்பித்தார்.

"கணக்குல நாப்பத்தொண்ணு எடுத்திருக்கா என் பொண்ணு."

"அப்படியா. அம்பதுக்கா?"

"நூத்துக்கு."

பைக்காரர் என்னைப் பார்த்தார். நான் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். "நூத்துக்கு நாப்பத்தொண்ணு," என்று அவர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார், அது வருத்தப்படவேண்டிய செய்தியா என்று தெரியாமல்.

"ஆமா. தொண்ணூத்தெட்டு வாங்கினப்ப நான் கேக் கொடுத்தேன்ல, அது வாங்கின விதம் தெரிஞ்சா நீங்க சாப்பிட்டிருக்கமாட்டீங்க. இந்த நாப்பத்தொண்ணு இருக்கே, பைக்காரரே, இந்தத் தெருவுல எந்தப் பிள்ளையும் இப்படி ஒரு மார்க்கு வாங்கினதில்ல." அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேசினார். பழைய திமிர் முழுசாகத் திரும்பியிருந்தது. "துணி கொண்டுவந்தீங்களா?"

"கொண்டுவந்தேன், கொண்டுவந்தேன்," என்று அவர் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்தார்.

அப்போது பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். புத்தகப் பையை இரண்டாவது மிஷின் மேல் வைத்தாள். அவள் காதில் கடைசிப் பேச்சு விழுந்திருக்கவேண்டும். வாசலில் ஆள் இருந்தால் உள்ளே ஓடுகிறவள், அன்றைக்கு நின்றாள்.

"நாப்பத்தொண்ணு இல்லப்பா," என்றாள். "நாப்பது."

அண்ணன் கையில் துணியோடு திரும்பினார். "என்னம்மா?"

"நேத்து நான் உக்காந்து கூட்டிப் பாத்தேன். டீச்சர் ஒரு மார்க்கு கூடக் கூட்டியிருந்தாங்க. இன்னைக்கு மாத்தியாச்சு."

"யாரு போய்ச் சொன்னா? அம்மா வந்தாளா?" என்று அண்ணியைப் பார்த்தார். அண்ணி இல்லையென்று தலையாட்டினார். மிஷின் சக்கரத்தின் மேல் வைத்த கையை அவர் எடுக்கவே இல்லை.

"நான்தான் சொன்னேன். எல்லாரும் இருந்தாங்க."

"கிளாஸ்ல எல்லாரும் இருக்கறப்பவா? எழுந்திரிச்சுப் போயா?" அண்ணன் கையிலிருந்த துணியை மேசையில் வைத்தார். "எப்படிம்மா சொன்ன?"

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

"வாயாலதான்," என்றாள்.